அந்தப் பெண் தொப்பியைப் பற்றி மட்டுமே சொன்னாள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் இதற்குள் போன் போட்டு, விசாரிக்கவில்லை என்று என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். அத்தானின் முழங்கால் வலி இப்போது தேவலையா? பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் அலுத்துப்போய்விட்டது. விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டு மாடி அறையில் அடைத்து வைத்திருக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துவிட்டு அதை எனக்கு ஒழித்து வை. இந்தக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு உன்னோடு வந்து இருந்துவிடலாம் என்று தீர்மானித்துவிட்டேன். காரணம் கேட்க நீ இங்கே புறப்பட்டு வராதே. வந்தால் மாடிப்படி ஏறுவதற்குள் ஆளாளுக்கு உன்னைப் பிடித்து நிறுத்திக் கதை சொல்வார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். அதுதானே இத்தனை வருஷமாக என் பிழைப்பு.

எல்லாம் ஒரு சினிமாவால் வந்தது. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு கூடம் இருப்பது உனக்குத் தெரியும். சங்கச் செயலாளர் அங்கே ஒரு திரையைக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியவர்களுக்குப் படம் போடுவது என்று ஆரம்பித்தார். எங்கிருந்தோ ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பிடித்து வந்தார். வெளிநாட்டுப் படம், காதல் கலாட்டா, விழுந்து விழுந்து சிரிக்கலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பேசுவது ஒன்றும் இங்கே யாருக்கும் புரியாது. கீழே எழுத்து ஓடுகிற மாதிரி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பாதிப்பேர் கண்ணாடி போட்டும் படிக்க மாட்டார்கள். நேராக என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"கோர்ட் சார், உங்களுக்குத்தான் அந்த பாஷை தண்ணி பட்ட பாடாச்சே. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அவங்க பேசப் பேச நம்ம பாஷையில சொல்லிடுங்க."

"நான் படத்துக்கெல்லாம் சொன்னதில்லைங்க. சாட்சிக்குத்தான் சொல்லியிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். அவங்க பேசறதை நீங்க சொல்லணும், அவ்வளவுதானே."

நானும் தலையாட்டிவிட்டேன். வம்பை விலை கொடுத்து வாங்குவது என்றால் இதுதான். எங்கள் தொழிலுக்கு என்று சில நியமங்கள் உண்டு, அக்கா. சாட்சி 'நான் பார்த்தேன்' என்றால் நாமும் 'நான் பார்த்தேன்' என்றே சொல்லவேண்டும். ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக்கூடாது. அவர் அழுதால் நாம் அழக்கூடாது, அவர் கத்தினால் நம் குரல் ஏறக்கூடாது. நமக்கே ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் 'நான்' என்று சொல்லவே கூடாது, 'மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை' என்றுதான் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் யாருடைய 'நான்' என்று நீதிபதி குழம்பிப்போவார். காலம் முழுக்க அப்படியே பேசிப் பேசி எனக்கு அது நாக்கில் ஊறிவிட்டது. காய்கறிக்கடையில் கூட 'மொழிபெயர்ப்பாளருக்குத் தக்காளி வேண்டாம்' என்று சொல்லி, கடைக்காரர் அந்த மொழிபெயர்ப்பாளர் யார் என்று என் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறார்.

படத்தின் கதை இதுதான். ஒரு தரகன் ஒரே வீட்டை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் கம்பி நீட்டிவிடுகிறான். ஒருவர் பாலம் கட்டும் என்ஜினீயர், இன்னொருத்தி தொப்பிக்கடை வைத்திருக்கும் பெண். இருவரும் பெட்டியோடு வந்து நிற்கிறார்கள், இருவருமே நகரமாட்டேன் என்கிறார்கள். வீட்டுக்காரக் கிழவி கண்டிப்பானவள். அவளுக்காகத் தாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று ஒரு பொய்யைச் சொல்லிவைக்கிறார்கள். கிழவியின் கிளி ஒன்று அந்த வீட்டிலேயே இருக்கிறது. இவர்கள் அறைக்குள் போடும் சண்டையையெல்லாம் அது கேட்டுவைத்துக்கொண்டு கிழவியிடம் ஒப்பிக்கிறது. இதை வைத்துக்கொண்டு படம் முடிகிற வரைக்கும் கதவைச் சாத்துகிறார்கள், திறக்கிறார்கள், தண்ணீரை ஊற்றிக்கொள்கிறார்கள், ஒருவர் பேசி முடிக்குமுன் மற்றவர் பேசுகிறார். மூச்சு விடுவதே இல்லை. பழைய படங்களில் இது ஒரு தினுசு போலிருக்கிறது.

முதல் ஞாயிறு என்ன ஆயிற்று என்றால், அவர்கள் இருவரும் சேர்ந்தாற்போல் பேசத் தொடங்கியதும் என் கை தன்னால் உயர்ந்துவிட்டது. "ஒருவர் பின் ஒருவராகப் பேசும்படி உத்தரவிட வேண்டுகிறேன்" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். செயலாளர் பதறிப்போய்ப் படத்தை நிறுத்தினார். பிறகு ஓட்டினார், பிறகு நிறுத்தினார். 'நீ ஒரு மரக்கட்டை, உன்னோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதைவிடக் கிணற்றில் குதிக்கலாம்' என்று அந்தப் பெண் பூந்தொட்டியை வீசிக்கொண்டே கத்துகிறாள்; நான் அதைப் பிரேதப் பரிசோதனை அறிக்கை மாதிரி சொல்லிக்கொண்டு போனேன். கூடத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இது ஏதோ வீட்டு வழக்கு என்று கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் எப்போதும் உட்காரும் மீட்டர்காரர் (மின்வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர்) படம் முடிந்ததும் எழுந்து, "தரகனைப் பிடிக்கறதை விட்டுட்டு, ஏமாந்ததுங்களைப் போட்டு எதுக்கு சார் இந்தப் பாடு படுத்தறாங்க?" என்று கேட்டார். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் ரொம்ப சோகம், ஆனால் கருத்து இருக்கிறது என்று பேசிக்கொண்டே கலைந்து போனார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டார்களா? என் எதிர் வீட்டில் ஒரு அம்மாள் இருக்கிறார், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் போய்ப் பல வருஷம், ஒரே மகன் வேறு ஊரில் வேலையாக இருக்கிறான். அதுவரை எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை என்றால், தண்ணீர் வந்ததா, வரவில்லையா, அவ்வளவுதான். அவர் மைக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார்.

"ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசறதை ஒரே ஆள் எப்படி சார் சொல்லமுடியும்? நான் இந்தக் காதுல ஒரு லைன், அந்தக் காதுல ஒரு லைன்னு கேட்டே வேலை பார்த்தவ. அந்த பாஷையும் டிரங்க் கால்ல பேசிப் பழக்கம். பொம்பளை பேசறதை நான் சொல்றேன், ஆம்பளையை நீங்க பார்த்துக்கங்க."

அடுத்த ஞாயிறு இரண்டு நாற்காலி, இரண்டு மைக். அக்கா, அந்த அம்மாள் செய்தது மொழிபெயர்ப்பே இல்லை. படத்தில் அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் இவர் மூன்று வார்த்தை சொல்கிறார். அவள் முறைத்தால் இவர் என்னைப் பார்த்து முறைக்கிறார். அவள் கதவை அறைந்தால் இவர் நாற்காலியின் கையை அறைகிறார். கிளி வேறு இருக்கிறதே, அதை யார் சொல்வது என்று எங்களுக்குள் ஒரு தகராறு. அந்தப் பெண் சொன்னதைக் கிளி திருப்பிச் சொன்னால் அவர், என்ஜினீயர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் நான் என்று நியாயமாகப் பிரித்துக் கொடுத்தேன். அவரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு கிளி மொத்தத்தையும் தானே எடுத்துக்கொண்டார். கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. நான் பாட்டுக்கு என் பங்கைத் திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். "அம்மா அவ்வளவு திட்டியும் அசையாம, கட்டை மாதிரி பதில் சொல்றாரு பாருங்க, சார்தான் டாப்பு" என்றார் மீட்டர்காரர். நான் நடிக்கவில்லை, எனக்கு வருவதே அதுதான் என்று சொன்னேன். அதற்கும் சிரிப்பு.

அதிலிருந்து பிடித்தது சனியன். அடுத்த வாரம் செயலாளர் ஒரு போர்ப்படம் கொண்டுவந்தார். "அதெல்லாம் வேணாம், அந்த வீட்டுச் சண்டையைப் போடுங்க" என்று ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரமும் அதே படம். வசனமெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பின்வரிசையிலிருந்து பதில் வருகிறது. படத்தில் பார்த்தது போதாது என்று எங்களையும் படமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் "என்ன சார், இன்னிக்குச் சண்டை இல்லையா?" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் அந்த அம்மாள் விட்டுப்போன பொட்டலத்தை என் கையில் கொடுத்து "வீட்டுல குடுத்துடுங்க" என்கிறார். "மொழிபெயர்ப்பாளருக்கும் அந்த அம்மாளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது" என்று நான் எத்தனையோ முறை விளக்கிவிட்டேன். படத்தில் என்ஜினீயரும் அப்படித்தானே சொல்கிறார் என்று போய்விடுகிறார்கள்.

சம்பந்தம் கிடையாதுதான். வார நாட்களில் சாயங்காலம் அவர் தேநீர் போட்டு எடுத்துவருவார், நடைவழியில் இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டு கஷ்டமான இடங்களைச் சரிபார்ப்போம். அது வேலை. ஒரு வார்த்தைக்காக தேநீர் ஆறிப்போகும்வரை வாதாடியிருக்கிறோம்.

"அந்தப் பொண்ணு 'போய்த் தொலை'ன்னு சொன்னா 'போகாதே'ன்னு அர்த்தம் சார். இதுகூடத் தெரியாம எத்தனை பேரை ஜெயிலுக்கு அனுப்பினீங்க?"

"அப்படியெல்லாம் அர்த்தம் பண்ணினா அப்பீல்ல நிக்காதுங்க."

"எல்லாம் அப்பீலுக்குப் போகுமா என்ன? சிலதை அங்கேயே புரிஞ்சுக்கணும்."

இப்படி ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டிருக்கும்போதுதான், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தன் மகன் கூப்பிடுகிறான் என்றார். தனியாக இருந்தது போதும், சாமான்களை ஏற்ற லாரிக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த வாரக் கடைசியில் கிளம்ப வேண்டும். "இந்த ஞாயித்துக்கிழமையோட நம்ம சண்டை முடிஞ்சுது சார்" என்றார். நான் "சரி" என்றேன். வேறு என்ன சொல்வது? நான் அகராதியை எடுத்து விட்ட இடத்திலிருந்து வார்த்தையைத் தேடினேன். அவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உன்னிடம் மறைப்பானேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றுக்கோளாறு என்று நினைத்து மருந்து குடித்தேன், கேட்கவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் குடியிருப்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. படத்தின் முடிவு ரயில் நிலையத்தில். என்ஜினீயருக்குத் தூரத்தில் ஒரு பாலம் கட்ட உத்தரவு வந்துவிட்டது, பெட்டியோடு ரயிலேறி நிற்கிறார். அந்தப் பெண் கிளிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறாள். படம் முழுக்க வாய் ஓயாமல் பேசியவள், அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் சொல்ல வராமல் நிற்கிறாள். கடைசியில் 'உங்கள் தொப்பி கோணலாக இருக்கிறது' என்கிறாள். அவ்வளவுதான் வசனம். கையை நீட்டித் தொப்பியைச் சரிசெய்கிறாள், அவர் இறங்கிவிடுகிறார், ரயில் போய்விடுகிறது. வாராவாரம் ஆபரேட்டர் அம்மாள் அந்த வசனத்தை மெதுவாகச் சொல்வார், கூடம் கைதட்டும்.

அன்றைக்குத் திரையில் அந்தப் பெண்ணின் உதடு அசைந்து மூடிவிட்டது. இவர் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல், "போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் போகலை" என்றார்.

அக்கா, எங்கள் தொழிலில் மொழிபெயர்ப்பில் பிழை வந்தால் அது யார் செய்த பிழையானாலும் அங்கேயே, அப்போதே திருத்திப் பதிவு செய்யவேண்டும். விட்டுவிட்டால் அதுவே சாட்சியம் ஆகிவிடும். நான் என் மைக்கை எடுத்து, "திருத்தம். அந்தப் பெண் தொப்பியைப் பற்றி மட்டுமே சொன்னாள். தொப்பி கோணலாக இருக்கிறது என்று. மேலும் ரயிலில் போகிறவர் என்ஜினீயர். அந்தப் பெண் எங்கேயும் போகவில்லை. ஆகவே போகவில்லை என்று அவள் சொல்வதற்கு இடமே இல்லை" என்றேன்.

முதல் வாரத்துக்குப் பிறகு, நான் சொல்லி ஒருவரும் சிரிக்காதது அன்றுதான். மீட்டர்காரர் நாற்காலியில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். ஆபரேட்டர் அம்மாள் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். திரையில் கிளி என்னவோ கத்திக்கொண்டிருந்தது, அதைச் சொல்ல ஆளில்லை. செயலாளர் விளக்கைப் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "நீங்க விவரமான ஆளுன்னு நினைச்சிருந்தேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது இங்கே என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைக்காரர் மீதிச் சில்லறையை மேஜைமேல் வைக்கிறார். மீட்டர்காரர் என்னைக் கண்டால் வேறு படிக்கட்டு வழியாகப் போகிறார். நீயே சொல், நான் சொன்னதில் ஒரு எழுத்து தப்பு உண்டா? படத்தைப் போட்டுப் பார்க்கட்டும், தொப்பி என்றுதான் வரும். சரியாகச் சொன்னவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, இல்லாததைச் சொன்னவருக்காக ஊரே உருகுகிறது. எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எதிர் வீட்டில் மூட்டை கட்டுகிறார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப்பை இழுத்து ஒட்டும் சர்ர் சத்தம் நாள் முழுக்கக் கேட்கிறது. இந்தச் சத்தம் நின்றுவிடக்கூடாதே என்று இருக்கிறது. சாயங்காலம் நடைவழியில் ஒற்றை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. பூட்டிய கதவுக்கு எதிரே நான் இருக்கமாட்டேன். அதனால்தான் உன்னிடம் வருகிறேன். ஒரு கட்டில், ஒரு மேஜை போதும். டெலிவிஷன் வேண்டாம். அந்த அறையில் யாரும் என்னைச் சினிமாவுக்குக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலை மடக்கிக் கீழே உட்காரவேண்டாம் என்று சொல். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, ஒரே ஒரு பாஷை பேசுகிற வேலைக்குப் போகட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மறுபடியும் சொல்கிறேன், நீ வரவேண்டாம்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடிக்க மனம் வரவில்லை, பதிவானது பதிவானதுதான். ஆனால் கடித உறையை ஒட்டப் பசை இல்லாமல், கொஞ்சம் டேப் கேட்கலாம் என்று எதிர் வீட்டுக்குப் போனேன். யாருக்குக் கடிதம் என்று கேட்டார். "அக்காவுக்கு. மொழிபெயர்ப்பாளர் இங்கேயிருந்து காலி பண்றார்" என்றேன்.

"அவர் எதுக்குக் காலி பண்றார்?"

"எதிர் வீடு பூட்டியிருந்தா அவரால இங்க இருக்கமுடியாது."

"அவரால முடியாதா, உங்களால முடியாதா?"

கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றேன். அவர் டேப்பை இழுத்து ஒரு பெட்டியை ஒட்டி, இன்னொரு பெட்டியை எடுத்தார். "என்னால" என்றேன். "என்னால முடியாதுங்க. போகாதீங்க." குரல் ஏறிவிட்டது, அக்கா. கீழ்த்தளம்வரை கேட்டிருக்கும். அவர் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா இத்தனை பாத்திரத்தையும் கட்டியிருக்கவேண்டாம்" என்றார்.

லாரியை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. மகன் போனில் என்னிடம், "எங்கம்மாவுக்கு நீங்க யாரு?" என்று கேட்டான். "நான் எதிர் வீட்டுக்காரன். உங்கம்மா போயிட்டா எனக்குத் தாங்காது தம்பி" என்றேன். பிறகு, உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள், சனிக்கிழமை வருகிறேன் என்றான். நம் வீட்டில் பெரியவள் என்று நீ ஒருத்திதான் இருக்கிறாய். மாடி அறை அப்படியே கிடக்கட்டும். அத்தானைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமையே வந்துவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.